ஹங்கேரிக்குப் போகிறீர்களா? முதலில் ‘ஜி-வை’ எழுத்தைப் பழகிக்கொள்ளுங்கள்

வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு ரயிலில் போனால், எல்லை தாண்டியதும் வரும் ஹங்கேரிய நிலையம் ஹெத்யெஷ்ஹலொம். அதற்கு அடுத்த பெரிய ஊர் த்யோர். விமானத்தில் போய் இறங்குகிறவர்களுக்கும் விடுதலை இல்லை. புடாபெஸ்ட் விமான நிலையத்துக்கு 2011-ல் இசைமேதை லிஸ்ட் ஃபெரென்ட்ஸின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆனால் உள்ளூர்க்காரர்கள் பழைய பெயரில் ஃபெரிஹெத்ய் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்று பெயரிலும் ஒரே எழுத்து இருக்கிறது. ரோமன் வடிவத்தில் ஜி-யும் வை-யும் ஒட்டி நிற்கும் எழுத்து அது.

ஹங்கேரியர்கள் தங்களுக்கும் தங்கள் மொழிக்கும் வைத்திருக்கும் பெயரின் நடுவிலும் இதேதான். தமிழில் அந்தப் பெயரை மகியார், மாக்யார் என்று எழுதிவருகிறோம். ஆங்கிலப் பழக்கத்தில் க் தனி, ய தனி என்று பிரித்து வாசித்ததால் வந்த வினை. அங்கே க என்ற ஒலியே கிடையாது. ‘மத்யர்’ என்றால் ஓரளவு கிட்டே வரும்.

படிப்புக்குப் போகிறவர்கள் (2013-ல் ஹங்கேரிய அரசு தொடங்கிய ஸ்டிபெண்டியும் ஹங்காரிக்கும் உதவித்தொகையில் இந்திய மாணவர்களும் போகிறார்கள்), வேலைக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், எல்லோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். மொழி முழுவதையும் கற்றுத்தரப் போவதில்லை. ஒரே ஒரு எழுத்து. ஹங்கேரிய மொழியில் வெளியூர்க்காரரை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். இன்னொன்றும் சொல்கிறேன்: ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது கஷ்டம், தமிழ் பேசுகிறவருக்குக் கஷ்டமே இல்லை. ஞ சொல்லத் தெரிந்த நாக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

படிக்கும் முன் ஒரு ஏற்பாடு

இந்த ஒலியைத் தமிழில் எழுத வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதை ‘த்ய’ என்றே எழுதுகிறேன். ‘வித்யா’ என்ற பெயரைக் கூப்பிடும்போது வரும் த்ய என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சத்யா’வின் வன்மையான த்ய அல்ல. சொல்லின் கடைசியில் வந்தால் ‘த்ய்’ என்று இருக்கும். அப்புறம், ஹங்கேரியக் குறில் அ-வை வாயைக் கொஞ்சம் குவித்துத்தான் சொல்வார்கள். ஒ பக்கம் சாயும். த்யோர் என்று நான் எழுதும் ஊர்ப்பெயரில் உள்ள ஓ-வும் நம் ஓ அல்ல. உதட்டை ஓ-வுக்குக் குவித்துக்கொண்டு ஏ சொன்னால் வருவது. உயிரெழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இது போதும்.

முதல் படி: கண்ணுக்குப் பழக்குங்கள்

ஹங்கேரிய நெடுங்கணக்கில் 44 எழுத்துகள். அதில் எட்டு எழுத்துகள் இரண்டு ரோமன் வடிவங்களைச் சேர்த்து எழுதப்படுபவை. ஒன்று மூன்று வடிவங்களால் ஆனது. நம் ஜி-வை அந்த எட்டில் ஒன்று. அதன் பெயர் ‘த்யே’. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜி-க்கு அடுத்ததாக இதைத் தனி எழுத்தாகவே ஒப்பிக்கிறார்கள். அகராதியிலும் ஜி முடிந்தபின் இதற்குத் தனிப் பகுதி உண்டு. பெயரைச் சுருக்கி எழுதும்போதும் பிரிக்க மாட்டார்கள்: த்யொர்த்ய் என்ற பெயருக்கு (நம் ஜார்ஜ்தான்) இனிஷியல் வெறும் ஜி அல்ல, ஜி-வை, அப்புறம் புள்ளி.

இங்கே வை-க்குத் தனி ஒலி இல்லை. முன்னால் நிற்கும் எழுத்தை அண்ணத்துக்கு இழுக்கும் அடையாளம், அவ்வளவுதான். அதே வேலையை அது இன்னும் மூன்று எழுத்துகளில் செய்கிறது. என்-வை என்றால் அச்சு அசல் நம் ஞ. ரொட்டிக்கு ‘கெஞேர்’, எட்டுக்கு ‘ஞொல்ட்ஸ்’. டி-வை (டென்னிஸ் என்பதன் முதல் எழுத்தான டி) என்பது ஜி-வையின் வன்மையான ஜோடி. எல்-வை மட்டும் இன்றைக்கு வெறும் ய ஆகிவிட்டது; எழுத்தில் பழைய வடிவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற கூட்டெழுத்துகளோடு ஒப்பிட்டால் ஜி-வை ரொம்ப நாணயமான எழுத்து. இசட்-எஸ் என்று இரண்டு எழுத்து ஒட்டி நின்றால், சில சொற்களில் அது ஒரே எழுத்து, வேறு சில சொற்களில் இரண்டு சொற்பகுதிகள் சந்திக்கும் இடத்தில் தற்செயலாகப் பக்கத்தில் வந்த இரண்டு எழுத்து. எது எது என்று சொல் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஜி-வையில் அந்தத் தொல்லை இல்லை. ஹங்கேரியச் சொல் ஒன்றில் ஜி-க்குப் பக்கத்தில் வை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு த்ய என்று சொல்லலாம். தெருவில் கண்ணில் படும் விலக்கு ஒன்றே ஒன்று: இறைச்சியைக் குத்தி நிறுத்திச் சுற்றவிட்டு வெட்டித்தரும் கிரேக்கச் சிற்றுண்டியின் பலகை. அதன் பெயர் ஜி-வையில் தொடங்கினாலும் அது கிரேக்கச் சொல். ‘கீரோஸ்’ என்றுதான் கேட்க வேண்டும்.

இரட்டித்தால் எப்படி எழுதுவார்கள்? ஜி-வை-ஜி-வை என்று முழுக்க எழுதுவதில்லை. ஜி-யை மட்டும் இரண்டாக்கி, வை-யை ஒருமுறை போடுவார்கள். புளிப்புச் செர்ரிப்பழத்தின் பெயர் அப்படி முடிகிறது: ‘மெத்த்ய்’. வரிக் கடைசியில் இந்த மாதிரிச் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் மட்டும் மறைந்திருந்த வை வெளியே வந்து, இரண்டு எழுத்தும் முழு உருவத்தோடு நிற்கும். புதிதாக வாசிக்கிறவர் ‘இதென்ன புதுச்சொல்’ என்று குழம்பும் இடம் அது.

ஏன் டெல்லியின் முதல் எழுத்தான டி-யும் வை-யும் சேர்க்காமல் ஜி-யைப் போய் எடுத்தார்கள் என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான், ஒலி என்னவோ டகரத்துக்குத்தான் நெருக்கம். பழைய காலத்தில் இந்த ஒலி ஜ போல இருந்தது என்றும், அதற்கு லத்தீன் எழுத்துகளில் ஜி-தான் வசதியாகக் கிடைத்தது என்றும் மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். ஒலி நகர்ந்துவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. ஹங்கேரிய அறிவியல் கழகம் முதல் எழுத்திலக்கண விதிகளை வெளியிட்டது 1832-ல். இப்போது நடப்பில் இருப்பது 2015-ல் வந்த 12-ஆம் பதிப்பு. சில ஊர்களின் நுழைவாயிலில் ரோமன் எழுத்துப் பலகைக்குக் கீழே ‘ரொவாஷ்’ என்ற பழைய கீற்றெழுத்திலும் ஊர்ப்பெயர் இருக்கும். அந்த எழுத்தில் இந்த ஒலிக்கு ஒரே குறிதான்: ஒரு நேர்க்கோடு, குறுக்கே இரண்டு சிறு கோடுகள்.

இரண்டாம் படி: நாக்குக்குப் பழக்குங்கள்

கட்டுரையில் இந்தப் பகுதியை மட்டுமாவது தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் உத்தமம்.

தொல்காப்பியம் ச, ஞ இரண்டுக்கும் ஒரே பிறப்பிடம் சொல்கிறது: நடுநாக்கு அண்ணத்தைத் தொட வேண்டும். இன்றைக்கு நாம் ச-வைப் பல இடங்களில் உரசல் ஒலியாகச் சொல்கிறோம். ஆனால் அந்த விளக்கத்தை எழுத்துப் பிசகாமல் செய்து, நடுநாக்கை அண்ணத்தில் அழுத்தி அடைத்து, தொண்டையை அதிரவிட்டுத் திறந்தால் வருவதுதான் ஹங்கேரிய ஜி-வை. தொண்டை அதிராமல் திறந்தால் டி-வை. அதே இடத்தில் மூக்கு வழியாகக் காற்றை விட்டால் என்-வை, அதாவது ஞ. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஆகவே ஞ-விலிருந்து தொடங்குவோம். முதலில் நாக்கின் நுனியைக் கீழ்ப்பற்களின் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அது அங்கேயே இருக்கட்டும், அதற்கு வேலையில்லை. இப்போது ‘ஞாயிறு’ என்பதன் முதல் எழுத்தை நிதானமாகச் சொல்லுங்கள்: ஞா, ஞா, ஞா. நாக்கின் நடுப்பகுதி அகலமாக மேலே போய் அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது தெரியும்.

அடுத்து, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு அதே ஞா-வைச் சொல்லுங்கள். சளி பிடித்து மூக்கடைத்திருக்கும்போது ‘அம்மா’ என்பது ‘அப்பா’ மாதிரி மந்தமாக ஒலிக்கும் அல்லவா? அதே கதைதான் இங்கேயும். மூக்கு வழி அடைபட்டதும் ஞா போய் வேறு ஒன்று வரும்: தா-வும் இல்லை, ஜா-வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மெத்தென்று ஒரு த்யா. அந்த ஒலியைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மூக்கை விட்டுவிட்டு அதையே திரும்பக் கொண்டுவாருங்கள். நாலைந்து முறை தவறும், பிறகு வந்துவிடும்.

சரியாக வருகிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள். கண்ணாடி முன் நின்று சொல்லும்போது நாக்கு நுனி கீழ்ப்பல்லை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் நீங்கள் த்-ஐயும் ய-வையும் தனித்தனியாகச் சொல்கிறீர்கள். இரண்டாவது, திறக்கும் நேரத்தில் ‘ஜ்ஜ்’ என்று காற்று உரசும் சத்தம் கேட்கக் கூடாது. நாக்கை மெல்ல மெல்ல எடுத்தால் அந்த உரசல் வரும். சட்டென்று எடுத்துவிட வேண்டும். இதில் ரொம்பக் கண்டிப்பு வேண்டாம். ஹங்கேரியர்கள் சிலர் பேச்சிலேயே லேசான உரசல் உண்டு. இது தூய அடைப்பொலியா, உரசல் கலந்ததா என்று ஒலியியலாளர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது.

அகராதிகளில் உச்சரிப்பு பார்க்கும்போது புள்ளியில்லாத ஜே-வின் குறுக்கே கோடு கிழித்த மாதிரி ஒரு குறியைத் தேடுங்கள். உலக ஒலியெழுத்து முறையில் இந்த ஒலிக்கு அதுதான் அடையாளம்.

மூன்றாம் படி: பக்கத்து ஒலிகளிலிருந்து பிரியுங்கள்

தனியாகச் சொல்ல வந்துவிட்டது, சரி. பேச்சு வேகத்தில் நாக்கு பழைய இடத்துக்கு நழுவும். அதைத் தடுக்க ஒரே மாதிரியான மூன்று சொற்களை வரிசையாகச் சொல்லுங்கள்: வாட், வாத்ய், வாக். முதல் சொல்லின் கடைசி ஒலியை ‘வண்டி’யில் வரும் ட போல மென்மையாகவும், மூன்றாவதை ‘அங்கே’யில் வரும் க போல மென்மையாகவும் சொல்ல வேண்டும். முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது ஆசை, மூன்றாவது வெட்டுகிறான். அடைப்பு முன்னால் தொடங்கி, நடுவுக்கு வந்து, பின்னால் போவதைக் கவனித்தபடி முன்னும் பின்னுமாகச் சொல்லிப் பழகினால் நடு ஒலி தன் இடத்தில் நிலைக்கும்.

ஜ-வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜ-வுக்கு ஹங்கேரிய மொழியில் வேறு எழுத்து இருக்கிறது; டி (டெல்லியின் டி), இசட், எஸ் என்று மூன்று சேர்ந்தது. ஜாமுக்கு ‘ஜெம்’, மகாராஜாவுக்கு ‘மஹரஜ’ என்றெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொற்களில்தான் அதைப் பார்ப்பீர்கள். தாஜ்மகாலையும் அந்த மூன்றெழுத்தில்தான் எழுதுவார்கள். த்ய வரவேண்டிய இடத்தில் ஜ சொன்னால் ஆள் புரிந்துகொள்வார், ஆனால் வேற்று வாடை அடிக்கும்.

டி-வையோடு ஜோடி போட்டுப் பழக மெழுகுவர்த்தியைவிட நல்ல சொல் இல்லை. அதன் பெயர் ‘த்யெர்ட்ய’. தொடக்கத்தில் ஜி-வை, கடைசியில் டி-வை. (ட்ய என்று எழுதியிருப்பதற்காக நாக்கை மடக்க வேண்டாம், த்ய-வின் அதே இடம்தான், தொண்டை அதிரக் கூடாது, அவ்வளவே.) வீட்டு வாசல் கதவுகளிலும் இந்த ஜோடி தொங்கும். நாய் ஜாக்கிரதைப் பலகையில் மேலே ‘வித்யாஸட்’, கீழே நாயைக் குறிக்கும் ‘குட்ய’. இந்த வித்யாஸட் என்பது எச்சரிக்கைச் சொல். படி இருக்கிறது, தரை ஈரமாக இருக்கிறது என்று எதற்கும் இதுதான். ‘வித்யா’ என்ற பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு இது வராமல் போகாது. கடைசிப் பக்கம் வரும் ஸ-வை மட்டும் வண்டு ரீங்காரம்போல அதிரவிடுங்கள். மெட்ரோவில் கதவு மூடும்போது ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பிலும் இதே சொல்லின் வினை வடிவம்தான் ஒலிக்கும்.

நான்காம் படி: கடைசியில் உ-வோ இ-யோ சேர்க்காதீர்கள்

தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் பஸ்ஸு, பேக்கு, கேட்டு என்று உகரம் சேர்த்துச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. ஹங்கேரியச் சொற்களோ ஜி-வையில் ஏராளமாக முடிகின்றன. பெரிய என்பதற்கு ‘நத்ய்’, மலைக்கு ‘ஹெத்ய்’, டிக்கெட்டுக்கு ‘யெத்ய்’, நாலுக்கு ‘நேத்ய்’. இவற்றோடு இ சேர்ந்துவிட்டால் பல நேரம் வேறு சொல் ஆகிவிடும். நத்ய் பெரியது, நத்யி என்றால் பாட்டி. ஹெத்ய் மலை, ஹெத்யி என்றால் மலை சார்ந்தது. எனவே நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

‘நத்ய்’ ஹங்கேரியில் ரொம்பப் பரவலான குடும்பப் பெயரும்கூட. 1956 எழுச்சியின்போது பிரதமராக இருந்து 1958-ல் தூக்கிலிடப்பட்டவர் நத்ய் இம்ரே. அங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ஆங்கிலச் செய்திகளில் அவரை ‘நாகி’ ஆக்கிவிடுவார்கள், நாமாவது திருத்திக்கொள்வோம்.

நலம் விசாரிப்பது ‘ஹொத்ய் வத்ய்?’ இரண்டு சொல், இரண்டும் இதே எழுத்தில் முடியும். ஆனால் இது ‘எப்படியிருக்கே?’ என்கிற தோரணை. நண்பர்களுக்குச் சரி. பேராசிரியரிடமோ வீட்டுக்காரப் பெரியவரிடமோ ‘ஹொத்ய் வன்?’ என்று கேளுங்கள். பதில் ‘யோல் வத்யொக்’, நன்றாக இருக்கிறேன்.

ஐந்தாம் படி: எழுத்தில் ஒன்று, காதில் ஒன்று

இங்கிருந்து கொஞ்சம் சிக்கல். ஆனால் நாலு விஷயம் தெரிந்தால் போதும்.

ஒன்று என்ற எண்ணை எழுதும்போது ஒற்றை ஜி-வைதான். சொல்லும்போது அழுத்தி இரட்டிப்பார்கள்: ‘எத்த்ய்’. பசைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு இரட்டிப்பு சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ‘எத்யெடெம்’ அதே எழுத்துகளில் தொடங்கினாலும் இரட்டிக்காது.

என் எழுத்து ஜி-வைக்கு முன்னால் வந்தால் ஞ் ஆகிவிடும். இதற்கு விதி மனப்பாடம் செய்ய வேண்டாம், ச-வுக்கு முன்னால் நமக்கு ஞ் தவிர வேறு வராது அல்லவா, அதே நடப்புதான். தேவதை ‘அஞ்த்யல்’, எறும்பு ‘ஹஞ்த்ய’. மாத்ர மலையடிவாரத்து ஊர் ‘த்யொஞ்த்யொஷ்’. அதை ஒட்டிய த்யொஞ்த்யொஷ்ஹலாஸ் என்ற ஊரில்தான் அப்போலோ டயர்ஸ் நிறுவனம் 2017-ல் தன் ஹங்கேரிய ஆலையைத் திறந்தது. நம் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கிற அதே நிறுவனம்தான்.

மூன்றாவது, எழுத்தில் ஜி-வையே இல்லாத இடத்தில் அது ஒலிக்கும். டெல்லியின் டி-க்குப் பின்னால் ஜே வந்தால் (ஹங்கேரிய ஜே என்பது நம் ய) இரண்டும் கலந்து இரட்டித்த ஜி-வை ஆகிவிடும். ‘அவருக்குத் தெரியும்’ என்பது எழுத்தில் டுட்-ய, பேச்சில் ‘டுத்த்ய’. எழுத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நான்காவது, இருக்கிற ஜி-வை மறைந்துபோவதும் உண்டு. எஸ்-இசட் என்ற கூட்டெழுத்து (அது நம் ஸ) பின்னால் வந்தால் இரண்டும் சேர்ந்து ‘ட்ஸ்ஸ’ ஆகிவிடும். மருந்துக்கடைப் பலகையில் ஒரே சொல்லுக்குள் இரண்டு ஜி-வை இருக்கும். முதலாவது கணீரென்று கேட்கும், இரண்டாவது ஸ-வோடு கரைந்துவிடும்: ‘த்யோட்ஸ்ஸெர்டார்’. காய்ச்சலோடு போகிறவருக்கு இவ்வளவு பாடம் எதற்கு என்றால், ‘பட்டிக’ என்றும் கேட்கலாம், எல்லோருக்கும் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பழக வேண்டுமா? ‘இதை ஹங்கேரிய மொழியில் எப்படிச் சொல்வார்கள்?’ என்பதற்கு, ‘ஹொத்ய் மொஞ்த்யாக் எஸ்ட் மத்யருல்?’ மூன்று முறை நம் ஒலி வருகிறது. முதலாவதும் மூன்றாவதும் எழுத்தில் ஜி-வை. நடுவில் உள்ளதை என், டி, ஜே என்று எழுதியிருப்பார்கள். வந்த புதிதில் ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

ஆறாம் படி: சந்தைக்குப் போங்கள்

பயிற்சிக்கு வகுப்பறையைவிடக் காய்கறிக் கடை நல்லது. அதுவும் தமிழ்ச் சமையல் செய்கிறவருக்கு இந்த எழுத்தை விட்டு ஓடவே முடியாது. வெங்காயம் ‘ஹத்ய்ம’. பூண்டு ‘ஃபொக்ஹத்ய்ம’. இஞ்சி ‘த்யொம்பேர்’. நிலக்கடலை ‘ஃபொல்டிமொத்யொரோ’. தாளிக்கத் தொடங்கும் முன்பே நாலு ஜி-வை.

வெங்காயம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘வொரொஷ்ஹத்ய்ம’ என்பதற்கு நேர்ப்பொருள் சிவப்பு வெங்காயம். ஆனால் அந்தப் பெயரில் கிடைப்பது பழுப்பு மஞ்சள் தோல் உள்ள சாதாரண வெங்காயம். நம் ஊர்ப் பெரிய வெங்காயத்தின் நிறம் வேண்டுமென்றால் ‘லிலஹத்ய்ம’ என்று கேட்க வேண்டும், ஊதா வெங்காயம் என்று பொருள். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் தேடுகிறவர்கள் ‘மொத்யொரோஹத்ய்ம’ என்று கேட்டால் அதற்கு நெருங்கிய உறவினர் கிடைக்கும். ஒரே சொல்லில் இரண்டு ஜி-வை.

அங்கே சில்லறை எடைக்கு ‘டெக’ என்பார்கள், அது 10 கிராம். 100 கிராம் இஞ்சிக்கு ‘டீஸ் டெக த்யொம்பேர்ட் கேரெக்’. ஒரு கிலோ வெங்காயத்துக்கு ‘எத்த்ய் கிலோ வொரொஷ்ஹத்ய்மாட் கேரெக்’. புடாபெஸ்டில் 1897-ல் திறந்த மத்தியச் சந்தைக் கட்டடத்தைப் பேச்சுவழக்கில் ‘நத்ய்வாஷார்ச்சர்னொக்’ என்பார்கள், பெரிய சந்தைக்கூடம் என்று பொருள். அழகான கட்டடம், பார்க்கப் போகலாம். வாரக் காய்கறிக்கு உங்கள் பேட்டைச் சந்தையே மேல். அங்கே கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறாமல் நீங்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்.

மணி சொல்வதிலும் ஜாக்கிரதை. கால் என்பதற்கு ‘நெத்யெட்’. ‘நெத்யெட் ஞொல்ட்ஸ்’ என்றால் சொல்லுக்குச் சொல் கால், எட்டு. நம் கணக்கில் எட்டேகால் என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். அவர்கள் கணக்கில் அது 7.15; எட்டாவது மணியில் கால் பங்கு ஆகியிருக்கிறது என்பது பொருள்.

பெயர்கள்: உங்களுடையதும் அவர்களுடையதும்

உங்கள் பெயரை ஹங்கேரியர் ஒருவர் காகிதத்தில் பார்த்து வாசித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் பாக்யா, பாக்யலட்சுமி என்ற பெயர்களில் ஜி-யும் வை-யும் ஒட்டி வரும். அவர்கள் கண்ணுக்கு அது ஒரே எழுத்து. ‘பத்ய’ என்றுதான் கூப்பிடுவார்கள். சத்யா என்பதை எஸ், ஏ, டி, வை, ஏ என்று எழுதுகிறவருக்கு டி-வை வந்து சேரும்; எஸ் அங்கே ஷ என்பதால் முதலெழுத்தும் மாறும். விஜய் ஆனவர் ‘வியய்’ ஆவார். மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது காதை இதற்குத் தயாராக வைத்திருங்கள், இல்லாவிட்டால் உங்கள் முறை போய்விடும்.

அவர்கள் பெயர்களில் பெரும்பாலும் விதிப்படியே போகலாம். வைட்டமின் சி ஆய்வுக்காக 1937-ல் நோபல் பரிசு பெற்றவர் ஸெண்ட்-த்யொர்த்யி ஆல்பர்ட். அந்த வைட்டமினை ஏராளமாகப் பிரித்தெடுக்க அவருக்குக் கைகொடுத்தது ஸெகெட் ஊர்க் குடைமிளகாய். பழைய பிரபுக் குடும்பப் பெயர்களில்தான் எழுத்து முறை தன் போக்கில் போகும், சிலவற்றில் கடைசி வை-யை இ என்று வாசிப்பார்கள். மெட்ரோ நிலையப் பெயர்களில் இரண்டை மட்டும் காதால் கேட்டு அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: ‘பட்ட்யாஞி’, ‘ஸேச்சேஞி’.

விசைப்பலகை

கடைசியாக, கல்லூரியிலோ அலுவலகத்திலோ ஹங்கேரிய விசைப்பலகையில் உட்கார்ந்தால், அதில் வை-யும் இசட்-டும் இடம் மாறியிருக்கும். பழக்கத்தில் ஜி-வை அடிக்கப் போய் ஜி-இசட் விழும்; கடவுச்சொல்லில் வை இருந்தால் கணக்குக்குள் நுழையவே முடியாது. ஜி-வைக்கென்று தனி விசை எதுவும் கிடையாது, இரண்டு தட்டுதான்.

இணையத்தில் வாடகை அறை தேடும்போது உயிரெழுத்துகளின் மேல் சாய்கோடு போடாமல் அடித்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வை-யை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டிலுக்கு ‘ஆத்ய்’, மரக்கிளைக்கு ‘ஆக்’. எழுத்தில் வித்தியாசம் அந்த ஒரு வை மட்டுமே. அறை விளம்பரத்தில் ‘ஃபிரன்ட்ஸியஆத்ய்’ என்று இருந்தால் இரட்டைக் கட்டில். ‘ஆத்ய்னெமூ’ என்றால் விரிப்பு, தலையணை உறை வகையறா. அது அறையோடு வருமா, நாமே வாங்க வேண்டுமா என்று சாவி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.